முடிச்சாச்சு மாஸ்டர் படித்த பிரெஞ்சு

சோபா மாஸ்டரின் கடையில் முதல் வேலை கிழிப்பது. பழைய சோபா ஒன்று வந்து இறங்கியதும், கொண்டு வந்தவர் தெருமுனை திரும்புவதற்குள் துணியைக் கிழித்து, பஞ்சைப் பிடுங்கி, ஸ்பிரிங்குகளைக் கழற்றி வெறும் மரச்சட்டமாக நிறுத்திவிடுவார். வேலையில் அவ்வளவு ஆர்வமா என்றால் இல்லை. பிரித்துப் போட்ட சோபாவை எவரும் வேறு கடைக்குத் தூக்கிக்கொண்டு போக மாட்டார்கள். கிழித்த நிமிடத்திலிருந்து சோபாவும் மாஸ்டருக்குச் சொந்தம், அதன் சொந்தக்காரரும் மாஸ்டருக்குச் சொந்தம்.

அதன் பிறகு அவசரம் கிடையாது. சட்டம் சுவரோரம் சாய்ந்து நிற்கும். வீட்டுக்காரர்கள் தரையில் உட்கார்ந்து டிவி பார்ப்பார்கள். போன் செய்து கேட்டால் மாஸ்டர் வாய் கூசாமல், "முடிச்சாச்சுங்க, ஒரு கை மட்டும்தான் பாக்கி" என்பார். சுற்றுவட்டாரத்தில் அவருக்கு முடிச்சாச்சு மாஸ்டர் என்றே பெயர். காதுபடவே சொல்வார்கள். அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

பொய் சொல்வதாக அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. எப்படியும் ஒருநாள் முடியத்தான் போகிறது. அதைக் கொஞ்சம் முன்கூட்டியே சொல்கிறார், அவ்வளவுதான்.

"கிழிக்கிற வேகத்துல பாதி வேகத்துல தைச்சிருந்தா நாம எங்கயோ போயிருப்போம் மாமா" என்பான் மச்சினன். மனைவியின் தம்பி. முப்பது வயது. கடையில் பாதி வேலையும் முழு வசவும் அவனுக்குத்தான்.

"எங்க போயிருப்போம்?"

"அக்கா இருக்கிற இடத்துக்கு."

சிக்கலே அந்த இடத்தில்தான். மாஸ்டரின் மனைவி நர்ஸ். பிரெஞ்சு பேசும் குளிர்நாடு ஒன்றில் முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்துப் போனவள். கணவன் அங்கே போய்ச் சேர வேண்டுமென்றால் பிரெஞ்சுப் பரீட்சை எழுதி, பாஸ் செய்து, சான்றிதழை அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் விசா கிடையாது. அவளும் மாதாமாதம் நினைவுபடுத்திக்கொண்டுதான் இருந்தாள். ஒருநாள் மாஸ்டர் வாய் நிறைய ஆணியை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுத்துச் சட்டத்தில் ஸ்பிரிங் தாங்கும் பெல்ட்டை அடித்துக்கொண்டிருந்த நேரத்தில் போன் செய்தாள்.

"ஏங்க, பரீட்சை என்னாச்சு?"

"முடிச்சாச்சு."

"பாஸா?"

"பாஸ்."

போனை வைத்த பிறகுதான் ஆணிகளைத் துப்பிவிட்டு, தான் என்ன சொன்னோம் என்று யோசித்தார். பரீட்சைக்கு அவர் பேரே கொடுக்கவில்லை. வகுப்பில் சேர்ந்து மூன்று பாடம் ஆகியிருந்தது. வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டியது வாய் தவறி வீட்டுக்குப் போய்விட்டது.

மறுவாரம் அவள் ஒரு படம் அனுப்பினாள். வெள்ளைத் திரை போட்ட பெரிய ஜன்னல், வெளியே ஒரு மரம். 'நம்ம ரெண்டு பேருக்கும் வீடு எடுத்தாச்சு' என்று கீழே எழுதியிருந்தாள். மாஸ்டர் அன்றே போய்ப் பரீட்சைக்குப் பேர் கொடுத்தார். அது வருவதற்கு இன்னும் நாள் இருந்தது. அதுவரை சமாளிக்க வேண்டும். சான்றிதழைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னபோது, லேமினேட் பண்ணக் கொடுத்திருப்பதாகச் சொன்னார். பிறகு லேமினேட் கடைக்காரருக்கு உடம்பு சரியில்லை என்றார். பிறகு அந்தக் கடையில் மெஷின் ரிப்பேர்.

"அந்தக் கடைய எரிச்சிடலாமா மாமா? ஒரேயடியா முடிஞ்சிடும்" என்று கேட்டான் மச்சினன். மாஸ்டர் ஒரு கணம் யோசிக்கவும் செய்தார்.

பிரெஞ்சு டீச்சருக்கு மாஸ்டரைவிடப் பத்துப் பதினைந்து வயது குறைவு. இரண்டாவது மாடியில் குடியிருந்தார், முன்னறையில்தான் வகுப்பு. அந்த அறையில் கரும்பலகை இருந்தது, அலமாரி இருந்தது, அலமாரி நிறைய அகராதிகள் இருந்தன. சோபா இல்லை. சோபா மாஸ்டரின் கடையில் இருந்தது. வகுப்பில் சேர்ந்த முதல் நாளே, ஸ்பிரிங் ஒன்று குத்துகிறது என்று டீச்சர் வாய் விட்டுச் சொல்லிவிட்டார். அன்று மாலையே மச்சினன் வந்து முதுகில் சுமந்து இறக்கிக்கொண்டு போனான். இரவுக்குள் அது சட்டமாகிவிட்டது. அன்றிலிருந்து மாணவர்களும் டீச்சரும் முதுகு சாய்க்க இடமில்லாத பிளாஸ்டிக் முக்காலிகளில் உட்கார்ந்தார்கள்.

வகுப்பிலேயே இன்னொரு பலியும் இருந்தார். பல் டாக்டரம்மா. அவருடைய கிளினிக்கில் நோயாளிகள் காத்திருக்கும் சோபாவும் மாஸ்டரின் கடையில்தான் நின்றது. நோயாளிகள் இப்போது வலியோடு நின்றுகொண்டே காத்திருந்தார்கள்.

பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கும்போது டீச்சர் பலகையில் புதிய காலம் ஒன்றை எழுதினார்.

"இதுக்குப் பேரு ஃபுதுர் ஆன்தெரியூர். பேரைப் பார்த்துப் பயப்படாதீங்க. 'நாளைக்கு இந்நேரம் நான் போய்ச் சேர்ந்திருப்பேன்'னு நாம சொல்றோம் இல்லையா, அதேதான். வரப்போற காலத்துல போய் நின்னுகிட்டு, அங்கேருந்து திரும்பிப் பார்த்து, முடிஞ்சு போச்சுன்னு சொல்றது."

மாஸ்டர் முக்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். இதுவரை அந்த மொழியில் அவருக்குச் சொந்தமானது என்று ஒரு சொல்கூட இருந்ததில்லை.

"செய்யறது சுலபம்" என்றார் டீச்சர். "ரெண்டு துண்டு. முன்னால ஒரு துணைவினை, எதிர்காலத்துல. பின்னால செஞ்சு முடிச்ச சொல். முடிக்கிறதுக்கு ஃபினி. நான் முடிச்சிருப்பேன்: ஜோரே ஃபினி."

"ஜோரே ஃபினி" என்றார் மாஸ்டர். வாயில் ஆணி இல்லாமலே அது இயல்பாக வந்தது. "ரிப்பேருக்கு?"

"ரெபாரே. ஜோரே ரெபாரே."

"ஜோரே ரெபாரே. நான் ரிப்பேர் பண்ணியிருப்பேன். டீச்சர், இத மட்டும் வச்சுகிட்டு நான் அந்த நாட்டுல பொழச்சுக்குவேன்."

"இத மட்டும் வச்சுகிட்டு இங்க பொழைக்கிறீங்களே, அங்க மட்டும் என்ன" என்றார் பல் டாக்டரம்மா.

அன்று வகுப்பில் மாஸ்டரின் கொடிதான் பறந்தது. மற்றவர்கள் நாக்கைச் சுழற்றித் தடுமாறிக்கொண்டிருக்க, அவர் வாக்கியங்களாகப் பொழிந்தார். நான் தைத்திருப்பேன், நான் அடித்திருப்பேன், நான் கொண்டு வந்திருப்பேன். டீச்சர் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சாக்பீஸைக் கீழே வைத்தார்.

"அண்ணா, எல்லாம் சரி. ஆனா நீங்க பாதி வாக்கியம்தான் சொல்றீங்க. இந்தக் காலம் தனியா நிக்காது. இது நடந்து முடிஞ்சதும் அடுத்து ஒண்ணு நடக்கணும். நீங்க முடிச்சிருப்பீங்க, சரி, அப்புறம்?"

"அப்புறம்னா?"

"அத நான் சொல்றேன். எழுதிக்கோங்க." டீச்சர் பலகையில் எழுதி, வாசித்தும் காட்டினார். "கான் வூ ஸோரே ரெபாரே மோன் கனப்பே, நூ பார்லெரோன்."

கனப்பே என்றால் சோபா என்பது மாஸ்டருக்குத் தெரியும். அந்தச் சொல்லை டீச்சர் அவரிடம்தான் அதிகம் சொல்லியிருந்தார்.

"நீங்க என் சோபாவ ரிப்பேர் பண்ணி முடிச்சதும் நாம பேசுவோம்" என்று டீச்சரே தமிழில் சொன்னார். "பரீட்சையில பாதி மார்க் பேச்சுக்கு. அதுக்கு ஒவ்வொருத்தரோடயும் எதிரெதிரா உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசிப் பழக்கணும். இந்த முக்காலியில உட்கார்ந்து என் இடுப்பு போயிடுச்சு. மத்தவங்களோட எப்படியோ பல்லைக் கடிச்சுகிட்டு உட்கார்ந்துடுவேன். உங்களோட மட்டும் சோபாவுலதான் உட்காருவேன்."

"முடிச்சாச்சு டீச்சர், ஒரு கை மட்டும்..."

"நூ பார்லெரோன் அண்ணா. அப்புறம் பேசுவோம்."

பேச்சில் தேறாவிட்டால் பரீட்சை இல்லை. பரீட்சை இல்லாவிட்டால் மனைவி இல்லை. மாஸ்டர் மண்டை காய்ந்து கடைக்குத் திரும்பினார்.

"டீச்சரோட சட்டத்த எடுடா."

மச்சினன் சுவரோரம் பார்த்தான். சட்டங்கள் வரிசையாக நின்றன. எல்லாம் ஒரே மரம், ஒரே நிறம், ஒரே தூசி. யாருடையது எது என்று ஒவ்வொன்றின் அடியிலும் சாக்பீஸால் எழுதி வைப்பது அவன் வேலை. எழுதியும் வைத்திருந்தான். பிறகு கரையான் வரக்கூடாதென்று மருந்து அடித்து, ஈரத்துணியால் அடிமுதல் நுனிவரை துடைத்தும் வைத்திருந்தான். கடையில் அவன் சொந்த யோசனையில் செய்த ஒரே வேலை அது.

"எது மாமா?"

"என்னை ஏன்டா கேக்கற? எழுதினவன் நீ."

"துடைச்சவனும் நான்தான்."

மூன்று பேர் உட்காரும் சட்டங்களைத் தனியாக ஒதுக்கினார்கள். ஒற்றைக் கால் ஆடுவது ஒரு வக்கீலுடையது என்று இருவருக்கும் நினைவிருந்தது. மிச்சம் இரண்டு. ஒன்று டீச்சருடையது, ஒன்று பல் டாக்டரம்மாவுடையது. இருவரும் ஆளுக்கு ஒன்றின் மேல் ஏறி உட்கார்ந்து, ஏதாவது நினைவு வருகிறதா என்று பார்த்தார்கள். ஒன்றும் வரவில்லை. மாஸ்டர் தான் உட்கார்ந்திருந்ததைத் தட்டி, "இதுதான்" என்றார்.

"எப்படிச் சொல்றீங்க?"

"எத்தனை வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன்."

இரண்டு நாள் இருவரும் மாடாக உழைத்தார்கள். ஸ்பிரிங் கட்டி, சாக்கு இழுத்து, ஃபோம் ஒட்டி, டீச்சர் கொடுத்திருந்த பச்சைத் துணியைப் போர்த்தினால், ஒரு சாண் பற்றவில்லை. இந்த இடத்தில் வேறு எவனாவது இருந்திருந்தால் சந்தேகப்பட்டிருப்பான். மாஸ்டர் துணிக்கடைக்காரனைத் திட்டினார். "அளவுல கை வச்சிருக்கான் பாரு, படுபாவி." பின்பக்கம் வேறு துண்டு கொடுத்து ஒட்டுப் போட்டார். சுவர்ப்பக்கம் போகிற முதுகை யார் பார்க்கப் போகிறார்கள்?

சனிக்கிழமை மதியம், வகுப்பு தொடங்கும் நேரத்துக்குச் சரியாக, சோபாவைக் கொண்டுபோய் இறக்கினார்கள். வாழ்க்கையில் முதல்முறையாகக் கேட்ட வாரத்திலேயே கொடுக்கிறோம் என்ற பெருமை மாஸ்டரின் நடையிலேயே தெரிந்தது. மச்சினன் மேலே, மாஸ்டர் கீழே. முதல் மாடி வரை பிசகில்லாமல் ஏறியது. இரண்டாவது மாடிக்குப் படி திரும்பும் மூலையில் சோபா நின்றது. சாய்த்தார்கள். நிமிர்த்தினார்கள். தலைகீழாகப் புரட்டினார்கள். கடைசியாக மாஸ்டர் தோள் கொடுத்து ஒரு தள்ளு தள்ளினார். ஒரு பக்கம் கைப்பிடிக் கம்பியிலும் மறுபக்கம் சுவரிலுமாகச் சோபா இறுகிப் பிடித்துக்கொண்டது. அதன்பின் மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை.

"போன தடவ நான் ஒருத்தனே முதுகுல தூக்கிட்டு இறங்கினேன் மாமா" என்றான் மச்சினன் மேலிருந்து. "அன்னைக்கு எங்கயும் இடிக்கல."

"மரம் ஊறியிருக்கும்."

"ஊறி ஒரு சாண் வளருமா?"

அதற்குள் டீச்சர் கதவைத் திறந்து வெளியே வந்தார். கீழேயிருந்து பல் டாக்டரம்மா வகுப்புக்கு ஏறி வந்தார். அவர் பின்னால் மூன்றாம் மாடி ஆடிட்டர், இரண்டு கையிலும் காய்கறிப் பையோடு.

"எனக்கு மேல போகணும்" என்றார் ஆடிட்டர்.

"போயிருப்பீங்க சார், இது போனதும்" என்றார் மாஸ்டர்.

பல் டாக்டரம்மா குனிந்து சோபாவின் மரக்கையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். மரத்தில் வரிவரியாகக் கீறல்கள் இருந்தன. வார்னிஷ் அடித்தும் மறையவில்லை.

"இது நகக் கீறல்" என்றார். "உள்ள மெஷின் சத்தம் கேட்டதும் வெளிய உட்கார்ந்திருக்கிறவங்க இந்தக் கையைத்தான் பிராண்டுவாங்க. இது எங்க கிளினிக் சோபா."

மாஸ்டர் கீறல்களைப் பேந்தப் பேந்தப் பார்த்தார். மேலேயிருந்து டீச்சரின் குரல் வந்தது.

"அப்ப என் சோபா எங்கண்ணா?"

"அதுவும்... முடிச்..." என்று தொடங்கி, மாஸ்டர் நிறுத்திக்கொண்டார். பல் டாக்டரம்மா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். வாயைப் பார்ப்பது அவர் தொழில். "சட்டமா நிக்குது டீச்சர். இன்னும் தொடல."

டீச்சர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிலைமையை அளந்தார். அவரால் இறங்க முடியாது. மற்றவர்களால் ஏற முடியாது. பரீட்சை வரும் வெள்ளிக்கிழமை. இவர் பேசிப் பழகியது ஒரு நிமிடம்கூட இல்லை. டீச்சர் மேலிருந்து இரண்டு படி இறங்கி, செங்குத்தாக மாட்டியிருந்த சோபாவின் மேல்நுனியில் ஏறி உட்கார்ந்தார். இருக்கையைக் கையால் அழுத்திப் பார்த்தார்.

"ஸ்பிரிங் நல்லாத்தான் இருக்கு. சரி, சோபாவுல உட்கார்ந்தாச்சு. நீங்க அந்தப் படியில உட்காருங்க. ஆரம்பிக்கலாம்."

"இங்கயா?"

"நான் வேற எங்க போறது? என்ன பண்றீங்கன்னு பிரெஞ்சுல சொல்லுங்க. ரெண்டு பாதியும் வேணும்."

மாஸ்டருக்குக் கீழே இரண்டு ஜோடிக் கண்கள், மேலே இரண்டு ஜோடி. வாடிக்கையாளரிடம் பேசும் நாக்கு இப்போது உதவிக்கு வரவில்லை. "கான் ஜோரே..." என்றார். எடுப்பதற்கு என்ன சொல்? "ஆன்லவே. கான் ஜோரே ஆன்லவே ல கனப்பே..." சோபாவை நான் எடுத்ததும். இதுவரை எப்போதும் இங்கேயே நிறுத்தியிருக்கிறார். "வூ தெஸாந்த்ரே." நீங்கள் இறங்குவீர்கள்.

"முழு வாக்கியம்" என்றார் டீச்சர். "பரவாயில்லையே. இப்ப, நான் சோபாவ மாடிக்கு ஏத்தியிருப்பேன்."

"ஜெ ஸெரே மோந்தே ல கனப்பே."

"தப்பு. போறது, வர்றது, ஏறுறது, இறங்குறதுக்கெல்லாம் ஸெரே வரும்னு சொன்னேன். அது நாமளா ஏறினா. நான் ஏறியிருப்பேன்னா ஜெ ஸெரே மோந்தே. ஒரு சாமானை ஏத்தினா ஜோரே மோந்தே."

"அது எப்படி டீச்சர், ஏறினதுக்கும் ஏத்தினதுக்கும் அங்க ஒரே சொல்லா?"

"ஒரே சொல். துணைவினைதான் ஆளைக் காட்டிக் குடுக்கும்."

"கஞ்சப் பயலுகளா இருக்காங்களே" என்றார் ஆடிட்டர். பையைப் படியில் வைத்துவிட்டு அவரும் உட்கார்ந்திருந்தார். "நமக்கு ஏறுறது வேற, ஏத்துறது வேற."

"இப்ப மாஸ்டர் ஏறவும் இல்ல, ஏத்தவும் இல்ல" என்றார் பல் டாக்டரம்மா. "ரெண்டும் தேவையில்ல. என் சோபா எப்ப இறங்கும்னு மட்டும் பிரெஞ்சுல கேளுங்க."

இந்த நேரம் பார்த்து மச்சினனின் போன் அடித்தது. அக்கா. அவன் எப்போதும்போல யோசிக்காமல் வீடியோவை எடுத்துவிட்டான்.

"எங்கடா இருக்க? மாமா போன எடுக்க மாட்டேங்கறார். ஆபீஸ்ல சான்றிதழ் கேக்கறாங்க." திரையில் அவள் முகம் நெருங்கி வந்தது. "என்னடா பின்னால, செவுத்துல சோபா நிக்குது?"

"அது வந்துக்கா, மாமா டீச்சர் வீட்டுக்கு..."

"டீச்சர் இருக்காங்களா? குடு."

மாஸ்டர் கீழேயிருந்து இரண்டு கையையும் ஆட்டி, வேண்டாம் என்று சைகை காட்டினார். அதற்குள் போன் சோபாவின் உச்சிக்குப் போய்விட்டது. டீச்சர் வணக்கம் சொன்னார். அவளும் சொன்னாள். பிறகு அவள், "அவர் பக்கத்துல இருக்காரா?" என்று கேட்டாள், இருக்கிறார் என்றதும் சட்டென்று பிரெஞ்சுக்கு மாறினாள். அவருக்குப் புரியாது என்ற தைரியம். முதியோர் இல்லத்தில் தினமும் பேசிப் பேசி அவள் பிரெஞ்சு தண்ணீர் மாதிரி ஓடியது. அந்த ஓட்டத்தில் மாஸ்டர் காது ஒன்றையும் பிடிக்கவில்லை. ஆனால் கடைசி வாக்கியத்தை அவள் கொஞ்சம் நிதானமாகச் சொன்னாள்.

"இல் நோரா பாஸாங்கோர் பாஸே லெக்ஸாமேன், நெஸ்பா?"

பாஸே என்பதைப் பாஸ் என்று நினைத்து வகுப்பில் ஒருமுறை மூக்கு உடைபட்டிருந்ததால், அது பரீட்சை எழுதுவதைக் குறிக்கும் என்பது அவருக்கு நினைவிருந்தது. நோரா. அதுவும் அவருடைய காலம்தான். ஆனால் அது வரப்போவதைப் பற்றிய பேச்சில்லை, நடந்ததைப் பற்றிய ஊகம். நாமும் சொல்கிறோமே, 'அவன் இந்நேரம் தூங்கியிருப்பான்' என்று. பரீட்சையே இன்னும் எழுதியிருக்க மாட்டார், இல்லையா?

மாஸ்டருக்கு முதல்முறையாக ஒரு பிரெஞ்சு வாக்கியம் முழுசாகப் புரிந்தது. புரியாமலே இருந்திருக்கலாம்.

டீச்சர் பதில் சொல்லத் தயங்கினார். மாஸ்டர் படியில் எழுந்து நின்று, மேலே பார்த்துச் சொன்னார்.

"வாந்த்ரெதி. ஜோரே பாஸே." வெள்ளிக்கிழமை. எழுதியிருப்பேன்.

தமிழில், "உங்களுக்குப் புரிஞ்சுதா?" என்றாள் மனைவி.

"புரிஞ்சதுதான் கஷ்டமா இருக்கு. உனக்கு எப்பத் தெரியும்?"

"வாய்ல ஆணிய வச்சுகிட்டு பாஸ்னு சொன்னீங்களே, அப்பவே."

"அப்ப ஆபீஸ்ல என்ன சொன்ன?"

"மூணு மாசம் தள்ளித்தான் எழுதிக் குடுத்தேன். உங்க பேச்ச நம்பித் தேதி போட நான் என்ன உங்க கஸ்டமரா?" பல் டாக்டரம்மா பக்கென்று சிரித்துவிட்டார். அவள் குரல் மட்டும் சிரிக்கவில்லை. "ஆனா அந்தத் தேதிக்குள்ள இந்த ஒரு பரீட்சைதான் இருக்கு. இதுலயும் கோட்டை விட்டீங்கன்னா நான் மூட்டையக் கட்டிகிட்டு வந்துடுவேன். வந்து உங்க கடையில உட்கார்ந்துடுவேன்."

"கடையில உட்கார எதுவும் இல்லக்கா" என்றான் மச்சினன்.

"நீ வாய மூடு. சான்றிதழ் லேமினேட் ஆகுதுன்னு சாட்சி சொன்னவன்தானே நீ."

போனை வைத்துவிட்டாள். மாஸ்டர் இடுப்பிலிருந்த கத்தியை எடுத்தார். யாரும் பயப்படவில்லை, அவருக்கு நன்றாகத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். இரண்டு நாள் உயிரைக் கொடுத்துப் போர்த்திய பச்சைத் துணியை ஒரு நிமிடத்தில் தையலோரமாகக் கிழித்து உருவினார். ஃபோமைப் பிடுங்கினார். நகக் கீறல் இருந்த மரக்கையைக் கழற்றி எடுத்ததும் சோபா ஒரு முனகலோடு சுவரை விட்டது. டீச்சர் சரியான நேரத்தில் எழுந்துகொண்டார். கிழித்துக்கொண்டிருந்த நேரம் முழுவதும் அவர் மேலிருந்து கேள்வி கேட்பதை நிறுத்தவில்லை. மாஸ்டர் வாயும் ஓயவில்லை. ஆடிட்டர் வழி கிடைத்த பிறகும் போகாமல் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

அடுத்த நாட்களில் மாஸ்டர் காலையில் டீச்சருடைய நிஜமான சட்டத்தில் வேலை செய்தார், மாலையில் முக்காலியில் உட்கார்ந்து பேசினார். அதே துணி இப்போது மிச்சமே இருந்தது. புதன்கிழமை மச்சினன் அதை முதுகில் சுமந்து ஏற்றினான், எங்கும் இடிக்கவில்லை. வியாழக்கிழமை முழுவதும் டீச்சரும் மாஸ்டரும் அதில் எதிரெதிர் மூலையில் உட்கார்ந்து சண்டைக்காரர்கள் மாதிரி பிரெஞ்சு பேசினார்கள்.

பரீட்சையில் பேச்சுக்கு வந்தவர் வழுக்கைத் தலை ஆள். உங்கள் வேலையைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார். மாஸ்டர் மாடிப்படியில் மாட்டிய சோபாவின் கதையைத் தப்பும் தவறுமாகச் சொன்னார். ஏறியதில் தப்பு வந்தது, ஏற்றியதில் வரவில்லை. அந்த ஆள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அப்புறம்? சோபா இறங்கியதா?" என்று கேட்டார். ஒதுக்கிய நேரம் முடிந்த பிறகும் மாஸ்டர் பேசிக்கொண்டிருந்தார்.

முடிவு வந்தபோது பேச்சில் நல்ல மார்க். எழுத்தில் மயிரிழையில் தப்பியிருந்தார். சான்றிதழை லேமினேட் பண்ணாமலே படம் எடுத்து அனுப்பினார். உடனே போன் வந்தது.

"இது நிஜமா?"

"நிஜம்."

"தம்பிகிட்ட குடுங்க."

மச்சினன் சத்தியம் செய்தான். அவன் சத்தியத்துக்கு அவளிடம் மதிப்பில்லை. டீச்சர் நம்பரை வாங்கி, டீச்சரிடமும் பேசிவிட்டு, மறுபடி கூப்பிட்டாள். கூப்பிட்டவள் வாழ்த்துச் சொல்லாமல் ஊர் வெயிலை விசாரித்தாள்.

"என்ன, சந்தோஷமா இல்லையா?"

"சந்தோஷம்தாங்க. ஆனா நீங்க நிஜமாவே பாஸ் பண்ணிடுவீங்கன்னு நான் எதிர்பார்க்கல. எப்படியும் இன்னும் ஒரு வருஷம் இழுப்பீங்கன்னு நினைச்சேன்."

"அதனால?"

"வீடு இன்னும் எடுக்கல."

மாஸ்டர் கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்தார். "வெள்ளைத் திரை, ஜன்னல், மரம்?"

"அது பார்க்கப் போன வீடு. பார்த்துட்டு வரும்போது படம் எடுத்தேன். இன்னும் ரெண்டு நர்ஸுங்களோட ஒரே ரூம்லதான் இருக்கேன்."

"எடுத்தாச்சுன்னு எழுதியிருந்தியே."

"எடுக்கத்தானே போறேன்."

மாஸ்டருக்குக் கோபம் வரவில்லை. வந்தது வேறு ஏதோ. இத்தனை வருடத்தில் அவரிடம் யாரும் இப்படிச் சொல்லி, அவர் நம்பியதில்லை. ஜன்னல் படத்தைத் தினமும் எடுத்துப் பார்த்திருக்கிறார். அந்த மரத்தின் நிழலில் உட்கார்ந்து என்ன செய்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தார். நம்பும்படி சொல்லியிருக்கிறாள், தொழில் தெரிந்தவள் என்று உள்ளுக்குள் ஒரு மரியாதையும் வந்தது.

"எப்ப எடுப்ப?"

"நீங்க வந்து இறங்கறதுக்குள்ள எடுத்திருப்பேங்க. சாவி மட்டும்தான் பாக்கி."

விசா கைக்கு வந்த அன்று மாலையே மாஸ்டர் போய், கிடைத்ததிலேயே சீக்கிரமான தேதிக்கு டிக்கெட் போட்டார். கடையை மச்சினன் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு.

"என்ன மாமா இவ்வளவு அவசரம்? அக்கா வீடு எடுத்ததும் போனா போதாதா?"

"உனக்கு ஒண்ணும் தெரியாதுடா" என்றார் மாஸ்டர். "போன்ல கேட்டுகிட்டே இருந்தா முடிச்சாச்சுன்னுதான் சொல்வா. நேர்ல போய்த் தலைமாட்டுல நின்னாத்தான் வேலை நடக்கும்."